கடைசிக் கையெழுத்து யாருடையது? ஆராய்ச்சிப் பணத்தை அமைச்சர் பிரிப்பதா, அறிஞர்கள் பிரிப்பதா

2021 டிசம்பர் 24. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள். ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களுக்கு அடுத்த ஆண்டின் ஆராய்ச்சி நிதி முடிவுகள் அன்றுதான் வந்து சேர்ந்தன. ஆஸ்திரேலிய ஆராய்ச்சி மன்றத்தின் அறிஞர்கள் படித்து, மதிப்பெண் போட்டு, கொடுக்கலாம் என்று பரிந்துரைத்த திட்டங்களில் ஆறு அந்தப் பட்டியலில் இல்லை. நிறுத்தியவர் அப்போது கல்வித் துறையைத் தற்காலிகமாகக் கவனித்துக்கொண்டிருந்த அமைச்சர் ஸ்டூவர்ட் ராபர்ட். ஆறுமே இலக்கியம், வரலாறு, சமூகம் சார்ந்தவை. மாணவர்களின் காலநிலைப் போராட்டம் பற்றி ஒன்று, சீனா பற்றி இரண்டு, எலிசபெத் காலத்து நாடகத்தைத் தட்பவெப்பம் எப்படி மாற்றியது என்று ஒன்று, பழைய ஆங்கில இலக்கியத்தில் நட்பு பற்றி ஒன்று, அறிவியல் புனைகதைகளில் மதம் பற்றி ஒன்று. வரிப்பணத்துக்கு ஏற்ற பயன் இல்லை, தேச நலனுக்கு உதவாது என்று அமைச்சர் காரணம் சொன்னார். மன்றத்தின் அறிஞர் குழுவிலிருந்து இரண்டு பேர் பதவி விலகினார்கள்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அதே நாட்டின் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, திட்டம் திட்டமாகப் பார்த்து நிறுத்தும் அந்த அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து எடுத்தது. அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டுகூட ஆகவில்லை, 2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அது நேர் எதிர்த் திசை. அரசு நல்கைகளை, அதாவது ஆராய்ச்சி போன்ற வேலைகளுக்கு அரசு தரும் நிதியுதவியை, இனி ஒவ்வொரு துறையிலும் ஆட்சியாளர்கள் நியமித்த மூத்த அதிகாரி பார்க்க வேண்டும், அறிஞர்களின் மதிப்பீடு வெறும் ஆலோசனைதான், அதை வழக்கம்போல அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது, நல்கைகள் அதிபரின் கொள்கை முன்னுரிமைகளுக்கு உதவ வேண்டும் என்கிறது அந்த ஆணை.

இரண்டுமே பணக்கார ஜனநாயக நாடுகள், இரண்டிலுமே நல்ல பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்று பேனாவைப் பிடுங்குகிறது, இன்னொன்று கையில் கொடுக்கிறது. எது சரி? நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. இந்தியாவில் 2023-இல் சட்டம் போட்டு அமைத்த அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆளுகைக் குழுவுக்குத் தலைவர், பதவி வழியாகவே, பிரதமர். சென்னையிலோ மதுரையிலோ ஒரு வேதியியல் பேராசிரியர் திட்டம் எழுதினால் அது போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று. அதனால் இருக்கிற வழிகளை எடுத்துப் பார்த்து, என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அமைச்சரிடம் விடுவது

இந்தப் பக்கத்தின் வாதத்தை அதன் பலமான வடிவத்தில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பணம் மக்களுடையது. அமைச்சர் மக்கள் தேர்ந்தெடுத்தவர், பிடிக்கவில்லை என்றால் அடுத்த தேர்தலில் அனுப்பிவிடலாம். மதிப்பீட்டுக் குழுவில் உட்காரும் பேராசிரியரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அனுப்பவும் முடியாது. தங்களுக்குள் தாங்களே பணத்தைப் பிரித்துக்கொள்ளும் ஒரு கூட்டத்துக்கு மக்கள் ஏன் கேள்வி கேட்காமல் கொடுக்க வேண்டும்?

இது பழைய வாதம், மரியாதைக்குரியதும்கூட. இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், போர்க்கால ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கிய வன்னிவர் புஷ் அமெரிக்க அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அடிப்படை அறிவியலுக்கு அரசு பணம் தரட்டும், எங்கே செலவழிப்பது என்பதை அறிவியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது அதன் சாரம். மேற்கு வர்ஜீனியாவின் செனட்டர் ஹார்லி கில்கோர் அதை ஏற்கவில்லை. பணம் நாடு முழுக்கப் பரவ வேண்டும், மக்கள் பிரதிநிதிகளின் பிடி இருக்க வேண்டும் என்றார். புஷ் பக்கம் சாய்ந்த மசோதா 1947-இல் நிறைவேறி வந்தபோது அதிபர் ட்ரூமன் அதைத் திருப்பி அனுப்பினார். பெரும் பொதுப்பணத்தை யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத தனிமனிதர்களிடம் கொடுக்க முடியாது என்பது அவர் நிலை. கடைசியில் 1950-இல், ஆராய்ச்சிக்கு நல்கை தரும் அரசு நிறுவனமாகத் தேசிய அறிவியல் அறக்கட்டளை பிறந்தபோது அதன் இயக்குநரையும் வாரியத்தையும் அதிபர் நியமிப்பார் என்று ஆயிற்று.

ட்ரூமன் செய்தது சரி என்றே நினைக்கிறேன். நிறுவனத்தின் தலைமையில் இருப்பவர் மக்களாட்சிக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் ட்ரூமன் கேட்டது நிறுவனத்துக்கான பொறுப்பு. எந்தப் பாக்டீரியாவை ஆராயலாம், எந்தக் கவிதையை ஆராயலாம் என்று அவர் கேட்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் பாதிப் பிரச்சினை கிடக்கிறது.

குழப்பியவர்கள் நிறையப் பேர். 1975-இல் செனட்டர் வில்லியம் பிராக்ஸ்மையர் வீண் செலவுக்கு மாதம் ஒரு ‘விருது’ கொடுக்கத் தொடங்கினார். முதல் விருது, மனிதர்கள் ஏன் காதலில் விழுகிறார்கள் என்ற ஆய்வுக்கு 84,000 டாலர் கொடுத்ததற்காகத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்குப் போனது. அதே ஆண்டு ஏப்ரலில், அந்த அறக்கட்டளை கொடுக்கும் ஒவ்வொரு நல்கையையும் நாடாளுமன்றம் முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்று உறுப்பினர் ராபர்ட் பாமன் கொண்டுவந்த திருத்தம் கீழவையில் 212-க்கு 199 என்று நிறைவேறியே விட்டது. பிறகு இரு அவைகளும் பேசிச் சமரசம் செய்தபோது கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களை உறுப்பினர்கள் எப்படிப் படித்திருப்பார்கள்? தலைப்பைத்தான் படித்திருப்பார்கள்.

எங்கே போனாலும் இதுதான் நடக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2017-இலும் 2018-இலும் கல்வி அமைச்சராக இருந்த சைமன் பர்மிங்ஹாம் 11 திட்டங்களை நிறுத்தினார், மொத்தம் 42 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஜிப்ரால்ட்டர் நீரிணைப் பகுதியின் கலை பற்றிய திட்டம் ஒன்று, ஆண்களின் உடை வரலாறு பற்றி ஒன்று, ஹாலிவுட்டில் சோவியத் சினிமாவின் தாக்கம் பற்றி ஒன்று. விஷயம் வெளியே தெரிந்ததும் அவர் ஜிப்ரால்ட்டர் திட்டத்தின் தலைப்பையும் 2,23,000 டாலர் என்ற தொகையையும் ட்விட்டரில் போட்டு, பெரும்பாலான வரி கட்டுபவர்கள் இந்தப் பணம் வேறு ஆய்வுக்குப் போவதையே விரும்புவார்கள் என்று எழுதினார். திட்டத்தின் முறை சரியில்லை என்றோ, ஆய்வாளருக்குத் தகுதி இல்லை என்றோ அவர் சொல்லவில்லை. தலைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

என்னை மிகவும் கோபப்படுத்துவது தலைப்பைப் பார்த்து முடிவு செய்தது கூட இல்லை, மறைத்தது. 2018 அக்டோபரில் செனட் குழு விசாரணையில் கேள்வி வந்து பதில் சொல்ல வேண்டியதாகும் வரை, தங்கள் திட்டத்தை நிறுத்தியது அமைச்சர்தான் என்று அந்த 11 திட்டங்களை எழுதியவர்களுக்கே தெரியாது. தகுதி போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தேர்தலில் கேள்வி கேட்கலாம் என்பதுதானே அமைச்சர் பக்கத்தின் பெரிய வாதம்? நடந்ததே தெரியாவிட்டால் எப்படிக் கேட்பது?

அறிஞர் குழு மறுத்தால் கூடவே குறிப்புகள் வரும். மாதிரி அளவு போதாது, இந்தக் கருவி சரிப்படாது, முந்தைய ஆய்வைப் பார்க்கவில்லை என்று எழுதியிருப்பார்கள். வலிக்கும், ஆனால் அடுத்த முறை திருத்தி எழுதலாம். அமைச்சர் மறுத்தால் கற்றுக்கொள்ளக்கூடியது ஒன்றே ஒன்று, இந்தப் பேச்சை இனி எடுக்காதே என்பதுதான். நிறுத்தப்பட்ட ஆறோ பதினொன்றோ கண்ணுக்குத் தெரிகிறது. அதைப் பார்த்துவிட்டு எழுதாமலே விட்ட திட்டங்களை யாரால் எண்ண முடியும்?

இதற்கு அமெரிக்காவில் நீண்ட ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1996-இல் நாடாளுமன்றம் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பட்ஜெட்டில் ஒரு வாக்கியம் சேர்த்தது. துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரிக்கவோ பரப்பவோ இந்தப் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது அந்த வாக்கியம். கூடவே மையத்தின் பணத்திலிருந்து 26 லட்சம் டாலரை எடுத்து வேறு வேலைக்கு ஒதுக்கினார்கள். முந்தைய ஆண்டில் துப்பாக்கிக் காயங்கள் பற்றிய ஆய்வுக்கு மையம் செலவழித்த தொகையும் அதேதான். அந்த வாக்கியம் ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை, வேண்டுமானால் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆனால் குறிப்பு புரிந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மையம் இந்தப் பொருளை ஏறக்குறைய தொடவே இல்லை. 2019 இறுதியில்தான், 2020-க்கான பட்ஜெட்டில் 2.5 கோடி டாலர் ஒதுக்கி மறுபடி கதவைத் திறந்தார்கள். ஒரு தலைமுறை இளம் ஆய்வாளர்கள் இடையில் வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்கள்.

இதில் 2025 புதிதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறது. முன்பெல்லாம் கொடுப்பதற்கு முன்னால் தடுப்பார்கள். இப்போது கொடுத்த பிறகும் எடுக்கிறார்கள். அந்த ஆண்டு தேசிய அறிவியல் அறக்கட்டளை மட்டுமே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நல்கைகளை நடுவழியில் ரத்து செய்தது. ஆகஸ்ட் ஆணையோ, அரசு தன் வசதிப்படி முடித்துக்கொள்ளலாம் என்ற நிபந்தனையை நல்கை ஒப்பந்தங்களிலேயே எழுதச் சொல்கிறது. ஆய்வகத்தில் வளரும் செல்லையும், மூன்றாம் ஆண்டில் நிற்கும் பிஎச்டி மாணவியையும் வசதிப்படி நிறுத்தி வைக்க முடியாது.

அறிஞர்களிடமே விடுவது

சரி, அப்படியானால் அறிஞர்களிடமே விட்டுவிடலாமா? இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு ஆமாம் சொல்ல மாட்டேன். நானும் ஒருமுறை இரவெல்லாம் உட்கார்ந்து திட்டம் எழுதி, எட்டு மாதம் காத்திருந்து, ஒரு மதிப்பீட்டாளர் அருமை என்றும் இன்னொருவர் அடிப்படையே தவறு என்றும் எழுதிய குறிப்புகளோடு திரும்பப் பெற்றவன்தான்.

அது என் தனிப்பட்ட துரதிர்ஷ்டம் என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை. 2018-இல் அமெரிக்காவில் ஒரு சோதனை வெளிவந்தது. மருத்துவ ஆராய்ச்சிக்கு நல்கை தரும் தேசிய நலவாழ்வுக் கழகத்தின் மதிப்பீட்டு முறையை அப்படியே பின்பற்றி, 25 விண்ணப்பங்களை 43 மதிப்பீட்டாளர்களிடம் கொடுத்தார்கள். ஒரே விண்ணப்பத்தைப் படித்தவர்களுக்குள் அதன் தரம் பற்றிக் கிட்டத்தட்ட ஒற்றுமையே இல்லை. 1981-இலேயே தேசிய அறிவியல் அறக்கட்டளையின் 150 விண்ணப்பங்களை வேறொரு அறிஞர் கூட்டத்திடம் கொடுத்து ஒப்பிட்டவர்கள், ஏறத்தாழ நான்கில் ஒரு முடிவு தலைகீழாகியிருக்கும் என்று கண்டார்கள். தலைசிறந்த திட்டத்தையும் தேறாத திட்டத்தையும் எல்லாரும் கண்டுகொள்கிறார்கள். நடுவில் இருக்கும் பெருங்கூட்டத்தைப் பிரிக்கும்போதுதான் கை நடுங்குகிறது.

பாரபட்சமும் உண்டு. சுவீடனில் கிறிஸ்டின் வென்னராஸ், ஆக்னெஸ் வோல்ட் என்ற இரண்டு பெண் அறிவியலாளர்கள், மருத்துவ ஆராய்ச்சி மன்றம் போட்ட மதிப்பெண் தாள்களைக் கேட்டார்கள். மன்றம் தர மறுத்தது. அந்த நாட்டின் தகவல் உரிமைச் சட்டத்தைக் கொண்டு நீதிமன்றம் வரை போய் வாங்கினார்கள். 1997-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, ஓர் ஆணுக்குக் கிடைக்கும் அதே தகுதி மதிப்பெண்ணைப் பெற ஒரு பெண் இரண்டரை மடங்கு அதிகம் சாதித்திருக்க வேண்டும் என்று காட்டியது. குழுவில் தெரிந்தவர் இருந்தால் மதிப்பெண் கூடியதையும் காட்டியது. 2011-இல் அமெரிக்காவில், கறுப்பின விண்ணப்பதாரர்களுக்கு நல்கை கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையர்களைவிட ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று ஓர் ஆய்வு சொன்னது. படிப்பு, அனுபவம், வெளியீடுகள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அந்த இடைவெளி போகவில்லை.

அப்புறம் நேரம். ஆஸ்திரேலியாவில் 2012-இல் சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றத்துக்கு வந்த சுமார் 3,700 விண்ணப்பங்களை எழுத ஆய்வாளர்கள் செலவிட்ட நேரத்தைக் கூட்டினால் ஏறக்குறைய 550 ஆண்டு உழைப்பு வந்தது. ஐந்தில் ஒன்றுக்குத்தான் பணம் கிடைத்தது. மீதி எல்லாம் வீண்.

புதுமைக்கு அஞ்சுவதும் உண்டு. உயிர்வேதியியலாளர் கத்தலின் கரிக்கோ பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், பின்னாளில் கொரோனா தடுப்பூசிக்கு அடிப்படையான எம்ஆர்என்ஏ பற்றி நல்கைக்கு எழுதி எழுதிக் கிடைக்காமல், 1995-இல் பதவியே இறக்கப்பட்டார். 2023-இல் அதே வேலைக்காக ட்ரூ வைஸ்மனோடு நோபல் பரிசு வாங்கினார். எந்த மதிப்பீட்டு முறையைப் பாராட்டும்போதும் இந்தப் பெயரை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இவ்வளவு குறையா என்று கேட்பீர்கள். ஒன்றைக் கவனியுங்கள். மேலே சொன்ன ஒவ்வொரு குறையும் எனக்கு எப்படித் தெரிந்தது? மதிப்பெண் தாள் இருந்தது, குறிப்பு இருந்தது, எண்கள் இருந்தன. யாரோ எடுத்து வைத்து அளந்தார்கள், வெளியிட்டார்கள், சண்டை போட்டார்கள். அமைச்சர் அறையில் பதினொரு திட்டங்கள் விழுந்ததற்கு இப்படிச் சோதித்துப் பார்க்க என்ன இருக்கிறது? அமைச்சர் பெண்களுக்கு எதிராகச் சாய்கிறாரா, தன் தொகுதிக்குச் சாதகமாகச் சாய்கிறாரா என்று அளக்க ஒரு தாள்கூட இல்லை. நான் அறிஞர் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இதுதான். அவர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நம்பி நிற்கவில்லை. அவர்கள் தவறைப் பிடிக்க முடிகிறது, பிடித்தால் திருத்த முடிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மதிப்பீட்டில் குறை இருப்பதால் அரசியல்வாதி தலையிட வேண்டும் என்பவர்கள், அந்தத் தலையீடு எந்தக் குறையைத் தீர்க்கிறது என்று சொல்வதே இல்லை. கரிக்கோவின் விண்ணப்பம் ஓர் அமைச்சரின் மேசைக்குப் போயிருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பாரா? 1960-களில் தாமஸ் பிராக் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில், தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பணத்தில், வெந்நீர் ஊற்றில் என்ன உயிர் வாழ்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். பிராக்ஸ்மையரின் விருதுக்கென்றே செய்த தலைப்பு. அங்கே கிடைத்த பாக்டீரியாவின் வெப்பம் தாங்கும் நொதிதான் பின்னாளில் பிசிஆர் சோதனையை ஓடவைத்தது, கொரோனா காலத்தில் நம் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே சோதனை. பிராக்கின் திட்டத்தைப் படித்த அறிஞர்களுக்கும் பிசிஆர் வரும் என்று தெரியாது. ஆனால் கேள்வி புதியது, ஆள் செய்யக்கூடியவர் என்று அவர்களால் பார்க்க முடிந்தது. பயன் என்னவென்று முன்கூட்டிச் சொல்ல இரு தரப்பாலும் முடியாது. வேலை ஒழுங்காக நடக்குமா என்று சொல்ல ஒரு தரப்பால் முடியும்.

அரசியல் நல்லது செய்த இடம்

இப்படிச் சொன்னாலும் அரசியலை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட முடியாது, நிறுத்தவும் கூடாது. 1991-இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு ஆளான பெண்களும் அவர்களோடு நின்றவர்களும் ஒரு கூட்டமைப்பாகத் திரண்டார்கள். ஃபிரான் விஸ்கோ அதன் முகம். இத்தனை பேர் சாகிறோம், இதற்கு ஏன் இவ்வளவு குறைந்த பணம் என்று கேட்டார்கள். லட்சக்கணக்கான கடிதங்கள் வாஷிங்டனுக்குப் போயின. அறிவியலாளர்கள் தாங்களாகக் கூடிப் பேசி இந்த அளவுக்குத் தொகையைத் திருப்பியிருப்பார்களா? எனக்குச் சந்தேகம். செனட்டர் டாம் ஹார்கின் முயன்று, 1993 பட்ஜெட்டில் 21 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. பாதுகாப்புப் பணத்தை மற்றத் துறைகளுக்கு மாற்றக் கூடாது என்று அன்று விதி இருந்ததால் அந்தப் பணம் ராணுவத்தின் கணக்கிலேயே வந்தது. மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சி ராணுவத்தின் பொறுப்பாகிவிட்டது!

அதற்குப் பிறகு ராணுவம் செய்ததுதான் முக்கியம். தளபதிகள் உட்கார்ந்து திட்டம் பொறுக்கவில்லை. மருத்துவக் கழகத்திடம் ஆலோசனை கேட்டார்கள். இரண்டு அடுக்காக மதிப்பிடுங்கள் என்று பதில் வந்தது. முதல் அடுக்கில் அறிவியல் தரம், இரண்டாவது அடுக்கில் இந்தத் திட்டத்தின் நோக்கத்துக்குப் பொருந்துகிறதா என்பது. கூடவே புதிதாக ஒன்றும் செய்தார்கள். நோயை அனுபவித்த பெண்கள் இரண்டு அடுக்கிலும் உறுப்பினர்களாக, ஓட்டுரிமையோடு உட்கார்ந்தார்கள். ஆய்வகத்தில் எலிக்கு நன்றாக இருக்கிறது, இந்த மருந்தை ஒரு பெண் தினமும் தாங்குவாளா என்று கேட்க அறையில் ஒருத்தி இருந்தாள். பெரிய தொகையும் திசையும் அரசியலிலிருந்து வந்தன, தேர்வு அறிஞர்களிடமும் பாதிக்கப்பட்டவர்களிடமும் இருந்தது. நான் பார்த்த ஏற்பாடுகளிலேயே என் மனதுக்கு மிக நெருக்கமானது இதுதான்.

ஆனால் அரசியல் திசை காட்டுவது எப்போதும் இப்படி இருப்பதில்லை. சோவியத் ஒன்றியத்தில் ஆட்சியின் ஆதரவோடு மரபியலையே ஒதுக்கிய லைசென்கோவின் கதை வரை போக வேண்டாம். 2020 பிப்ரவரியில் இந்திய அறிவியல், தொழில்நுட்பத் துறை மற்றத் துறைகளோடு சேர்ந்து, நாட்டுப் பசுவின் பால், சாணம், கோமியம் போன்றவற்றின் பயன்கள் பற்றி ஆராயத் திட்டங்கள் கேட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் அதைத் திரும்பப் பெறச் சொல்லிக் கையெழுத்திட்டார்கள். நாட்டு மாடு ஆராய்ச்சிக்குத் தகுதியற்றது என்பதல்ல அவர்கள் வாதம். இந்தப் பொருள்களுக்குத் தனிச்சிறப்பு உண்டு என்று முன்பே முடிவு செய்துவிட்டு அதற்குச் சான்று தேடச் சொல்வது ஆய்வாகாது என்றார்கள். மார்பகப் புற்றுநோய்க்குப் பணம் கேட்ட பெண்கள் விடையைக் கண்டுபிடியுங்கள் என்றார்கள். இந்த அறிவிப்பில் விடை முன்பே எழுதியிருந்தது. அரசியல் ஒரு துறையைச் சுட்டும்போது நான் முதலில் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான்.

சீட்டுப் போடுவது

நான்காவது வழியைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரலாம், ஆனால் நமக்குத்தான் அது மிகப் பழக்கமானது. நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013-லிருந்து ஒருவகைச் சிறிய நல்கையைச் சீட்டுக் குலுக்கித் தருகிறது. அறிஞர்கள் முதலில் பார்த்து, தேறுமா தேறாதா என்று மட்டும் சொல்வார்கள். தேறியவற்றுக்குள் குலுக்கல். சுவிட்சர்லாந்தின் தேசிய அறிவியல் அறக்கட்டளையும், விளிம்பில் சமமாக நிற்கும் விண்ணப்பங்களுக்குள் சீட்டுப் போடுகிறது.

உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 919-லும் 921-லும் வெட்டியது, இதையேதான் சொல்கிறது. வயது, நிலம், கல்வி என்று தகுதி உண்டு. கணக்குக் காட்டாதவர் கூடாது, அவருடைய உறவினர் கூடாது, அண்மையில் பொறுப்பில் இருந்தவர் கூடாது. மிஞ்சியவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நடுவில் இருக்கும் கூட்டத்தைப் பிரிக்க மனிதர்களால் முடியாது, அங்கே செல்வாக்குத்தான் புகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்தக் குடத்துக்குள் நிலம் உள்ள அந்தணர் பெயர் மட்டும்தான் விழ முடிந்தது என்பதையும் மறக்க வேண்டாம். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், பெயர் குடத்துக்குள் போகும் இடத்தில் பாரபட்சம் இருந்தால் அது அப்படியே இருக்கும். சுவீடனின் மதிப்பெண் தாள் பிரச்சினை இங்கேயும் வந்து நிற்கும்.

எல்லாவற்றையும் சீட்டுக்கு விடச் சொல்ல மாட்டேன். தலைசிறந்த சில திட்டங்களை அறிஞர்கள் நேரடியாக எடுக்கட்டும், தேறாதவற்றை ஒதுக்கட்டும். நடுவில் இருப்பதற்குக் குடவோலை போடலாம். பதினைந்தாவது இடத்துக்கும் பதினாறாவது இடத்துக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருப்பதாக நடிப்பதைவிட இது நேர்மையானது.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

மொத்தத் தொகையையும், எந்தத் துறைக்கு எவ்வளவு என்பதையும் அமைச்சரும் நாடாளுமன்றமும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யட்டும். தனித்தனித் திட்டத்தில் அவர்கள் கை படக் கூடாது. பிரிட்டனில் இது ஹால்டேன் கோட்பாடு என்ற பெயரில் வெகுகாலமாகப் பேசப்பட்டு, 2017-இல் உயர்கல்வி, ஆராய்ச்சிச் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவின் 2024 திருத்தம் இன்னும் தெளிவானது. பெரும்பாலான நல்கைகளுக்கு ஒப்புதல் தருவது மன்றத்தின் வாரியம். நாட்டின் பாதுகாப்பு, வெளியுறவு போன்ற காரணம் இருந்தால் மட்டும் அமைச்சர் ஒரு திட்டத்தை நிறுத்தலாம், நிறுத்தினால் அதை நாடாளுமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ட்ரூமன் கேட்ட பொறுப்பும் இதில் இருக்கிறது, பர்மிங்ஹாம் செய்த மறைப்புக்கு இடமும் குறைகிறது. இந்தியாவுக்கு ஒன்றைக் கடன் வாங்கச் சொன்னால் இந்தப் பிரிவைத்தான் வாங்கச் சொல்வேன்.

நம் அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 50,000 கோடி ரூபாய் என்று இலக்கு வைத்தார்கள். அதில் 36,000 கோடி தனியார் போன்ற அரசல்லாத இடங்களிலிருந்து வரும் என்பது எதிர்பார்ப்பு. நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.64 சதவீதத்தைத்தான் நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுகிறோம். பானை இவ்வளவு சிறியதாக இருக்கும்போது ஒரு கரண்டி தவறான தட்டுக்குப் போனாலும் யாரோ ஒருவர் பட்டினி. பிரதமர் தலைமையில் குழு இருப்பது எனக்குப் பெரிய கவலை இல்லை, ட்ரூமனின் காரணம் அதற்கும் பொருந்தும். அந்தக் குழு தனித் திட்டங்களைத் தொடாது என்று எழுத்தில் இருக்க வேண்டும், மதிப்பீட்டுக் குறிப்புகள் முழுதாக விண்ணப்பதாரரின் கைக்கு வர வேண்டும், பெயர்களை நீக்கிய மதிப்பெண்கள் ஆய்வாளர்கள் எடுத்து அளந்து பார்க்கக் கிடைக்க வேண்டும். சுவீடன் பெண்கள் மாதிரி நீதிமன்றப் படி ஏறாமலே.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருப்பது எனக்குத் தெரியும். துறையை அமைச்சர் முடிவு செய்யலாம் என்றால், ஒரு துறையையே மூடவும் அவரால் முடியும். 2024 டிசம்பரில் நியூசிலாந்தில் அதுதான் நடந்தது. அடிப்படை ஆராய்ச்சிக்கான மார்ஸ்டன் நிதி இனி இலக்கியம், வரலாறு போன்ற கலைப் புலங்களுக்கும் சமூக அறிவியலுக்கும் கிடைக்காது என்று அமைச்சர் ஜூடித் காலின்ஸ் அறிவித்தார், அந்தக் குழுக்களும் கலைக்கப்பட்டன. யாருடைய திட்டத்தையும் தனியாக அவர் நிறுத்தவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவில் ஆறு பேருக்கு நடந்தது அங்கே இரண்டு புலங்களுக்கே நடந்துவிட்டது. பட்டப்பகலில், பெயர் போட்டு, காரணம் சொல்லிச் செய்தார் என்பதால் அங்கே அறிஞர்களால் உடனே எதிர்த்துப் பேச முடிந்தது. அதற்கு மேல் இந்த ஓட்டையை அடைக்க ஒரு சட்டப்பிரிவு எழுதச் சொன்னால், துறைகளின் பங்கை மாற்றுவதானால் ஓராண்டு முன்னறிவிப்பும் நாடாளுமன்ற ஓட்டெடுப்பும் வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் நல்கைகளை முடியும் வரை தொடக் கூடாது என்று எழுதுவேன்.